முதுகுத்தண்டு பிறவிக் குறையோட இருக்கிற ஆம்பளைங்களுக்கு: தாம்பத்தியம், குழந்தை ரெண்டுக்கும் எந்த வழி யாருக்கு ஒத்து வரும்

கல்யாணம் நிச்சயமாயிடுச்சு, எனக்கு ஸ்பைனா பைஃபிடா (பொறக்கும்போதே முதுகுத்தண்டு சரியா மூடாத குறை), மாத்திரை போட்டா போதுமா, ஆபரேஷன் பண்ணணுமா, குழந்தை பொறக்குமா பொறக்காதான்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல கேக்குற தம்பிங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். நான் தண்டையார்பேட்டைக்காரன், பொறக்கும்போதே முதுகுல கட்டி, தலையில சேர்ற தண்ணியை வடிக்கிற ஷண்ட் குழாய், காலுக்கு காலிப்பர், யூரின் டியூப் போட்டுத்தான் எடுக்கணும், அதனால வெளியில நின்னு பாத்து சொல்றவன் இல்ல. சின்ன வயசுல இருந்து எத்தனையோ டாக்டருங்க என் முதுகையும் காலையும் கிட்னியையும் பாத்தாங்க, ஆனா இந்த விஷயத்தை பத்தி ஒருத்தர் கூட தானா வாயத் தொறந்து பேசினதில்ல, நாமளும் வெக்கப்பட்டு கேக்குறதில்ல, கடைசியில கல்யாணத்துக்கு பத்து நாள் இருக்கும்போது பயத்துல தப்பான ஆள் கிட்ட போய் நிக்கிறோம்.

மொதல்ல ஒண்ணு தெளிவா மனசுல வச்சுக்கோ. கட்டில் விஷயம் வேற, குழந்தை விஷயம் வேற. விறைப்பு நல்லா வர்றவனுக்கு விந்துல அணுவே இல்லாம இருக்கலாம், விறைப்பே வராதவனுக்கு விதையில அணு நல்லா உற்பத்தி ஆகிட்டு இருக்கலாம். மாத்திரை முதல் கேள்விக்கு பதில், ரெண்டாவதுக்கு இல்ல. இக்ஸி, அதாவது லேப்ல விந்தணுவை கருமுட்டைக்குள்ள செலுத்துற முறை, ரெண்டாவதுக்கு பதில், முதல் கேள்வியை அது தொடவே தொடாது. இதை ரெண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் நிறைய பேர் காசையும் கொட்டி மனசும் உடைஞ்சு போறாங்க, அதனால நான் தனித்தனியாவே ஒப்பிட்டு சொல்றேன்.

ஏன் ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்குன்னா, நரம்பு எந்த இடத்துல அடிபட்டிருக்குங்கிறதுதான். தொட்டா வர்ற விறைப்புக்கு முதுகுத்தண்டோட அடியில இருக்கிற எஸ்2-ல இருந்து எஸ்4 வரைக்கும் உள்ள நரம்பு வேணும், மனசுல நினைச்சா வர்றதுக்கு அதுக்கு மேல டி11, எல்2 பக்கம் இருக்கிற நரம்பு வேணும், விந்து வெளிய வர்றதுக்கு மேல உள்ளதும் கீழ உள்ளதும் சேர்ந்து வேலை செய்யணும். நமக்கெல்லாம் கட்டி பெரும்பாலும் இடுப்புக்கு கீழ்ப்பக்கம்தான் இருக்கும், அதனால நினைச்சா கொஞ்சம் வருது ஆனா நிக்க மாட்டேங்குது, இல்லனா கதீட்டர் (யூரின் எடுக்கிற டியூப்) போடும்போது சும்மாவே வருது ஆனா தேவைப்படும்போது வரல, இப்படி கலந்துதான் இருக்கும். ஆசை குறையுறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது, ஆசை மூளையிலயும் ஹார்மோன்லயும் இருக்கு.

இப்ப மாத்திரை. சில்டெனாஃபில், டாடலாஃபில் ரெண்டும்தான் முக்கியமானது. சில்டெனாஃபில் 1998-ல வந்துச்சு, 2000 வாக்குல ஸ்பைனா பைஃபிடா இருக்கிற ஆம்பளைங்களுக்கே குடுத்து ஒரு சின்ன ஆய்வு பண்ணாங்க, அதுல 80 சதவீதம் பேருக்கு முன்னேற்றம் தெரிஞ்சுது, 25 மில்லிகிராமை விட 50 நல்லா வேலை செஞ்சுது. ஆளுங்க கம்மிதான், ஆனா நமக்குன்னே பண்ண ஆய்வுங்கிறதால எனக்கு அது மேல மதிப்பு உண்டு. சில்டெனாஃபில் ஒரு மணி நேரம் முன்னாடி போடணும், வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டுட்டு போட்டா லேட்டாத்தான் வேலை செய்யும். டாடலாஃபில் 36 மணி நேரம் வரைக்கும் வேலை செய்யும், அதனால கடிகாரத்தை பாத்துக்கிட்டு இருக்க வேண்டாம், புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு அந்த நிம்மதி பெரிய விஷயம். ரெண்டும் மாத்திரை போட்ட உடனே தானா நிக்க வைக்காது, தொடுதலோ ஆசையோ இருக்கணும், அதை தெரியாம மாத்திரை போட்டுட்டு சும்மா உக்காந்துட்டு எனக்கு வேலை செய்யலன்னு சொல்றவங்க இருக்காங்க.

நம்ம உடம்புக்குன்னு தனியா பாக்க வேண்டியது இருக்கு, மெடிக்கல் ஷாப்காரர் இதெல்லாம் கேக்க மாட்டார். நம்மள்ல நிறைய பேருக்கு கிட்னி கொஞ்சம் அடி வாங்கியிருக்கும், அது ரொம்ப குறைஞ்சிருந்தா டோஸ் 25-ல இருந்துதான் ஆரம்பிக்கணும், அதனால கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியேட்டினின் ரத்த டெஸ்ட் பாக்காம ஆரம்பிக்காத. யூரின் சுலபமா போறதுக்கு டாம்சுலோசின் மாதிரி மாத்திரை எடுக்கிறவனா இருந்தா பிபி இறங்கி தலை சுத்தும், அதை டாக்டர் கிட்ட சொல்லு. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை எடுக்கிறவங்க இதை தொடவே கூடாது, உயிருக்கே ஆபத்து. அப்புறம் தலைவலி. இந்த மாத்திரையில தலைவலி சகஜம், ஆனா ஷண்ட் இருக்கிறவனுக்கு தலைவலின்னா ஷண்ட் அடைப்பாவும் இருக்கலாம், வாந்தி, தூக்கக் கலக்கம், பார்வை மங்கல் கூட சேர்ந்து வந்தா மாத்திரை எஃபெக்ட்தான்னு படுத்துடாம நேரா ஆஸ்பத்திரிக்கு போ.

நம்ம ஏரியாவுல பாலத்துக்கு அடியில, ரயில்வே சுவத்துல எல்லாம் ஒட்டியிருக்கான் பாரு, ஆண்மைக்குறைவு, ரகசிய சிகிச்சை, லாட்ஜ் ரூம் நம்பர்னு, அதையும் ஒரு ஆப்ஷனா நினைக்கிறவங்க இருக்கிறதால சொல்றேன். நரம்பு பிறவியிலேயே சரியா உருவாகாத இடத்துல எந்த லேகியமும் நரம்பை வளர்க்காது. மூலிகைன்னு விக்கிற கேப்சூல்கள்ல லேபிள்ல போடாம சில்டெனாஃபிலையே கலந்திருக்கிறதை பல நாட்டுல பரிசோதனையில கண்டுபிடிச்சிருக்காங்க, அதாவது நீ அதே மாத்திரையைத்தான் எவ்ளோ டோஸ்னு தெரியாம பல மடங்கு விலைக்கு முழுங்குற. கிட்னி வீக்கா இருக்கிற நமக்கு இது விளையாட்டு இல்ல.

மாத்திரை ஒத்துக்கலன்னா அடுத்தது வேக்கும் பம்ப். ஒரு குழாயை குறி மேல வச்சு காத்தை இழுத்தா ரத்தம் வந்து விறைக்கும், அடியில ஒரு ரிங் போட்டு ரத்தத்தை நிறுத்தி வைக்கணும். ஒரு தடவை வாங்கினா பல வருஷம் வரும், உடம்புக்குள்ள மருந்து போகாது, நரம்பு எவ்ளோ போயிருந்தாலும் வேலை செய்யும், கிட்னிக்கு பிரச்சனை இல்ல. ஆனா ரிங்கை 30 நிமிஷத்துக்கு மேல விடவே கூடாது, உணர்ச்சி இல்லாதவனுக்கு வலி தெரியாது, அப்படியே தூங்கிட்டா சதையே செத்துப்போகும். அதனால போன்ல அலாரம் வச்சுக்கோ, வீட்டம்மா கிட்டயும் சொல்லி வை. ரிங் லேடெக்ஸ் ரப்பர்ல செஞ்சதான்னும் பாரு, நம்மள்ல பல பேருக்கு அது அலர்ஜி. செயற்கையா இருக்கு, சில்லுன்னு இருக்குன்னு சில பேர் குறை சொல்வாங்க, அது உண்மைதான், ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து பழகிட்டா அது ஒரு பெரிய விஷயமா தெரியாதுன்னு என் அபிப்பிராயம்.

ஊசி ரொம்ப பலமா வேலை செய்யும், பாபாவெரின், அல்ப்ரோஸ்டாடில் மாதிரி மருந்தை சின்ன ஊசியில குறியோட பக்கவாட்டுல போடுறது. இங்க ஒரு ஆபத்து இருக்கு, நரம்பு பிரச்சனையால விறைப்பு வராதவங்களுக்கு ரத்தக்குழாய் நல்லா இருக்கிறதால மத்தவங்களுக்கு போடுற அளவு போட்டா இறங்கவே இறங்காது. 4 மணி நேரத்துக்கு மேல நின்னா எமர்ஜென்சி, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் வெக்கப்படாம ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு போகணும். முதல் டோஸ் டாக்டர் எதிர்லதான் போடணும், ரொம்ப கம்மியில இருந்து ஏத்தணும். கை நடுக்கம் இருக்கிறவன், கீழ குனிஞ்சு பாக்க முடியாத அளவுக்கு முதுகு வளைஞ்சிருக்கிறவன் வீட்டம்மாவைத்தான் போடச் சொல்லணும், அதுக்கு அவங்க சம்மதிக்கணும்.

இம்ப்ளான்ட் கடைசி. குறிக்குள்ள ரெண்டு தண்டு வைக்கிற ஆபரேஷன், எப்பவும் விறைப்பா இருந்து வளைச்சுக்கிற மாதிரி ஒண்ணு, பம்ப் பண்ணி ஏத்தி இறக்குறது ஒண்ணு. வெளிநாட்டு பம்ப் வகை லட்சக்கணக்குல ஆகும், நம்ம நாட்டுல செய்யுற ஷா இம்ப்ளான்ட் அதை விட ரொம்ப கம்மி. பாக்க இது ஒரேயடியா பிரச்சனை தீர்ந்த மாதிரி தெரியும், அதனாலதான் அவசரத்துல இருக்கிற மாப்பிள்ளைங்க இதுல போய் விழுறாங்க. ஆனா உள்ள இருக்கிற திசு போயிடும், அப்புறம் எடுத்துட்டா மாத்திரைக்கு திரும்ப வழி கிடையாது. நமக்கு உணர்ச்சி கம்மி, அடிக்கடி கதீட்டர், அடிக்கடி யூரின் இன்ஃபெக்ஷன், இதெல்லாம் சேர்ந்து தண்டு தோலை அரிச்சு வெளிய வர்ற வாய்ப்பும், சீழ் பிடிக்கிற வாய்ப்பும் மத்தவங்களை விட அதிகம். மாத்திரை, பம்ப், ஊசி மூணையும் நிதானமா பாத்துட்டு, அதுவும் கல்யாணம் ஆகி ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணினாத்தான் இதுக்கு போகணும். கல்யாணத்துக்கு முன்னாடி யாராவது இம்ப்ளான்ட் வச்சுக்கோன்னு சொன்னா இன்னொரு டாக்டரை பாரு.

உணர்ச்சிக்குன்னே ஒரு ஆபரேஷன் இருக்கு, டோமாக்ஸ்னு பேரு, நெதர்லாந்துல ஆரம்பிச்சது. தொடை இடுக்குல உணர்ச்சி இருக்கிற நரம்பை எடுத்து குறியோட நரம்புல இணைக்கிறாங்க. 30 பேருக்கு பண்ணினதுல 24 பேருக்கு தொட்டா தெரியுற உணர்ச்சி வந்துச்சு, அந்த 30 பேருல பாதிக்கு மேல ஸ்பைனா பைஃபிடா ஆளுங்கதான். ஆரம்பத்துல குறியை தொட்டா தொடை இடுக்குல தொடுற மாதிரி இருக்குமாம், போகப் போக மூளை பழகிக்கும். தொடை இடுக்குல உணர்ச்சி இருக்கிறவனுக்குத்தான் இது பண்ண முடியும், அதோட இதுலயே கை தேர்ந்த சர்ஜன் வேணும், அதனால உடனே முடிவு எடுக்கிற லிஸ்ட்ல நான் இதை சேக்க மாட்டேன், ஆனா இப்படி ஒண்ணு இருக்குன்னு உனக்கு தெரியணும். அது வரைக்கும் கழுத்து, காது, மார்பு, உணர்ச்சி இருக்கிற எல்லைன்னு உன் உடம்புல எங்கெல்லாம் நல்லா தெரியுதுன்னு ரெண்டு பேரும் கண்டுபிடிங்க, தாம்பத்தியம்னா அந்த ஒரு உறுப்பு மட்டும் இல்ல, இதை நான் ஆறுதலுக்கு சொல்லல.

எந்த வழி எடுத்தாலும் முன்னாடி கதீட்டர் போட்டு பிளாடரை காலி பண்ணிடு, மலம் போற நேரத்தை அதுக்கு ஏத்த மாதிரி வச்சுக்கோ, ஒரு டவல் விரிச்சு வை, சில சமயம் கசியும், கசியும்னு முன்னாடியே சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் சங்கடம் இல்ல. முடிஞ்சதும் முட்டி, புட்டம், குறி எல்லாத்துலயும் தோல் சிவந்திருக்கா உரசியிருக்கான்னு லைட் போட்டு பாரு, வலி தெரியாத இடத்துல கண்ணாலதான் காவல் காக்கணும். லேடெக்ஸ் அலர்ஜி நம்ம கூட்டத்துல ரொம்ப அதிகம், சின்ன வயசுல இருந்து ஆபரேஷன், கையுறை, டியூப்னு பட்டுக்கிட்டே இருந்ததால. பலூன் ஊதினா உதடு வீங்குதா, வாழைப்பழம், பப்பாளி சாப்பிட்டா வாய் அரிக்குதான்னு யோசி. இருந்தா சாதாரண காண்டம் கூடாது, பாலியூரித்தேன் இல்ல பாலிஐசோப்ரீன்ல செஞ்சதுதான். நமக்குத்தான் குழந்தை பொறக்காதேன்னு காண்டம் வேண்டாம்னு விடுறதும் தப்பு, டெஸ்ட் பண்ணாம யாருக்கும் அது தெரியாது, நோய் தொத்துறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

இனி குழந்தை. இங்க எல்லாத்துக்கும் முன்னாடி செமன் அனாலிசிஸ், அதாவது விந்து டெஸ்ட். கொஞ்சமா வழிஞ்சு வந்தாலும் அதை எடுத்து டெஸ்ட் பண்ணலாம். ஒண்ணுமே வரலன்னா பிளாடருக்குள்ள திரும்பி போயிருக்கலாம், அதுக்கு உச்சம் முடிஞ்ச உடனே யூரினை எடுத்து அணு இருக்கான்னு பாப்பாங்க, யூரினோட புளிப்பு அணுவை கொன்னுடும்ங்கிறதால முன்னாடியே சோடா உப்பு மாதிரி மருந்து குடுத்து அதை சரி பண்ணிடுவாங்க. சாதாரண டெஸ்ட், கத்தி கிடையாது. இதை பண்ணாமலேயே நேரா விதையை கீறி எடுக்கலாம்னு சொல்ற இடத்துல இருந்து எழுந்து வந்துடு.

விதையையும் பாக்கணும். நம்மள்ல நிறைய பேருக்கு சின்ன வயசுல விதை இறங்காம இருந்திருக்கும், அதனால அணு உற்பத்தி குறையும், விதை கேன்சருக்கான வாய்ப்பும் கூடும், மாசம் ஒரு தடவை குளிக்கும்போது உருட்டிப் பாத்து கட்டி இருக்கான்னு பாரு. இன்ஃபெக்ஷன் திரும்பத் திரும்ப வந்து விதைக்கு மேல இருக்கிற குழாய் அடைச்சிருக்கலாம். வீக்கமும் ஜுரமும் இருந்து வலி இல்லனா சும்மா விட்டுடாத, நமக்கு வலி வராது. நாள் முழுக்க வீல்சேர்ல உக்காந்தா அந்த இடம் சூடாகும், அதுவும் அணுவுக்கு ஆகாது.

விந்து வெளிய வரலன்னா எடுக்கிறதுக்கு மூணு வழி. வைப்ரேட்டர் வச்சு வர வைக்கிறது சுலபம், வீட்டுலயே பண்ணலாம், ஆனா அதுக்கு கீழ இருக்கிற எஸ்2-எஸ்4 நரம்பு வட்டம் முழுசா இருக்கணும், விபத்துல மேல் முதுகு அடிபட்டவங்களுக்கு நல்லா வேலை செய்யும், நமக்கு அந்த இடமே பழுதுங்கிறதால பல பேருக்கு வராது. எதிர்பார்ப்பை அடக்கி வச்சுக்கிட்டு ஒரு முயற்சி பண்ணு. ரெண்டாவது ஆசனவாய் வழியா சின்ன கருவி வச்சு கரண்ட் குடுத்து எடுக்கிறது, கேக்க பயமா இருக்கும், ஆனா கீழ உணர்ச்சி இல்லாதவனுக்கு மயக்க மருந்து கூட தேவைப்படாது, உணர்ச்சி இருந்தா மயக்கம் குடுப்பாங்க. மூணாவது விதையில இருந்தே ஊசியிலயோ சின்ன ஆபரேஷன்லயோ எடுக்கிறது. இதுல கிடைக்கிற அணு கொஞ்சம், அதனால இக்ஸிக்கு மட்டும்தான் உதவும், அதாவது ஒரு அணுவை எடுத்து கருமுட்டைக்குள்ளயே ஊசியால செலுத்துற முறை. முதல் ரெண்டு வழியில நீந்துற அணு நிறைய கிடைச்சா ஐயூஐ, அதாவது விந்தை நேரா கருப்பைக்குள்ள செலுத்துறது, பண்ணலாம், செலவும் கம்மி, வீட்டம்மா உடம்புக்கும் கஷ்டம் கம்மி. இதை யாரும் கணக்குல எடுக்கிறதில்ல, விந்தை எப்படி எடுக்கிறோம்ங்கிறதுதான் அந்தப் பொண்ணு எத்தனை ஊசி வாங்கணும்னு முடிவு பண்ணுது. அதனால நான் கரண்ட் வழியை விதையை கீறுறதுக்கு முன்னாடி வைப்பேன், நமக்கு சங்கடம் ஒரு நாள்தான், அவங்களுக்கு இக்ஸின்னா ஹார்மோன் ஊசியே பல நாள்.

செலவு, தனியார்ல இக்ஸி ஒரு சைக்கிளுக்கே லட்சத்துக்கு மேல போயிடும், முதல் தடவையே நிக்கும்னு உத்தரவாதம் கிடையாது. எழும்பூர் தாய் சேய் நல ஆஸ்பத்திரியில அரசு கருத்தரிப்பு மையம் வந்திருக்கு, வட்டி கடன் வாங்குறதுக்கு முன்னாடி அங்க போய் கேளு, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கத்துல இருந்து மெட்ரோவுல சென்ட்ரல் போய் மாறினா எழும்பூர், எல்லா ஸ்டேஷன்லயும் லிஃப்ட் இருக்கு, வீல்சேர்ல போகலாம்.

அணுவே இல்லனா டோனர் விந்து, அதாவது வேற ஒருத்தர் குடுத்த விந்து. 2021-ல வந்த செயற்கை கருத்தரிப்பு சட்டப்படி பொண்ணுக்கு 21-ல இருந்து 50, ஆம்பளைக்கு 21-ல இருந்து 55 வயசுக்குள்ள இருக்கணும், பதிவு பண்ண பேங்க்ல இருந்துதான் விந்து வரணும், பொறக்கிற குழந்தை சட்டப்படி உங்க ரெண்டு பேரோட சொந்தக் குழந்தை. இக்ஸியை விட இது செலவும் கம்மி, சுலபமும் கூட. மாமியார் வீட்டுக்கு தெரிஞ்சா என்ன சொல்வாங்கன்னு மறைச்சு பண்ற ஜோடிங்க இருக்காங்க, வெளிய சொல்லணும்னு அவசியம் இல்ல, ஆனா உங்க ரெண்டு பேருல ஒருத்தருக்கு மனசு ஒப்பலன்னா வேண்டவே வேண்டாம்.

தத்து. காராங்கிற மத்திய அமைப்போட வெப்சைட்ல பதிவு பண்ணணும், கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆகியிருக்கணும், வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்க. ஊனம் இருக்குங்கிறதுக்காக மட்டும் தள்ள முடியாது, உயிருக்கு ஆபத்தான நோய் இல்ல, குழந்தையை வளர்க்க உடம்பும் வருமானமும் இருக்குன்னு காட்டணும், அதனால மெடிக்கல் சர்டிஃபிகேட்ல டாக்டர் தெளிவா எழுதணும். காத்திருக்கிறது வருஷக்கணக்குல. இங்கதான் எல்லாரும் சொல்ற வரிசையோட எனக்கு உடன்பாடு இல்ல. எல்லா சிகிச்சையும் தோத்த பிறகு தத்துன்னு சொல்வாங்க, நான் ரெண்டு வருஷம் முடிஞ்ச அன்னிக்கே பதிவு பண்ணுன்னு சொல்வேன், சிகிச்சை ஒரு பக்கம் ஓடட்டும், க்யூ ஒரு பக்கம் நகரட்டும். நானும் எங்க வீட்டம்மாவும் அப்படித்தான் பதிவு பண்ணிட்டு காத்திருக்கோம், குழந்தை எந்த வழியில வந்தாலும் தூக்கிக்க கை ரெடியா இருக்கு.

உன் விந்துலயே குழந்தைன்னு முடிவு பண்ணினா ஃபோலிக் ஆசிட் (குழந்தையோட முதுகுத்தண்டு சரியா மூட உதவுற வைட்டமின்) விஷயத்தை லேசா எடுத்துக்காத. அப்பாவுக்கு ஸ்பைனா பைஃபிடா இருந்தா குழந்தைக்கு வர்ற வாய்ப்பு 100-க்கு 3, 4ன்னு சொல்றாங்க, அதாவது 100 குழந்தையில 96, 97 குழந்தைக்கு வராது. இருந்தாலும் மத்தவங்களை விட இது பல மடங்கு, அதனால வீட்டம்மா சாதாரணமா எல்லாரும் எடுக்கிற 400 மைக்ரோகிராம் இல்லாம, 4 மில்லிகிராம் அளவுல எடுக்கணும், நம்ம கடையில 5 மில்லிகிராம் மாத்திரையா கிடைக்கும், டாக்டர் கிட்ட கேட்டுட்டு கரு நிக்கிறதுக்கு ஒரு மாசம், முடிஞ்சா மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சு 12 வாரம் வரைக்கும். சுகாதார நிலையத்துல கர்ப்பிணிக்கு குடுக்கிற சிவப்பு மாத்திரையில 500 மைக்ரோகிராம்தான் இருக்கு, அது இதுக்கு பத்தாது. கரு உண்டாகி 28 நாளுக்குள்ள முதுகுத்தண்டு மூடிடும், அப்ப பல பேருக்கு கரு நின்னதே தெரிஞ்சிருக்காது, அதனால தெரிஞ்ச பிறகு ஆரம்பிக்கிறது லேட். 1991-ல வந்த பெரிய ஆய்வுல, ஏற்கனவே இந்த குறையோட குழந்தை பெத்தவங்க 4 மில்லிகிராம் எடுத்ததுல மறுபடி வர்றது 72 சதவீதம் குறைஞ்சுது. அப்புறம் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம் பிரசவ ஆஸ்பத்திரியிலயோ வேற எங்கயோ பதிவு பண்ணும்போதே அப்பாவுக்கு ஸ்பைனா பைஃபிடான்னு அட்டையில எழுதச் சொல்லு, 18-ல இருந்து 20 வாரத்துல ஸ்கேன்ல முதுகை தனியா பாப்பாங்க.

பொண்ணு கிட்ட எப்ப சொல்றதுன்னு கேக்குறாங்க. நிச்சயத்துக்கு முன்னாடி, உன் வாயால, உங்க அம்மா வழியா இல்ல. டெஸ்ட் ரிசல்ட்டோட சொல்லு, எனக்கு இது இருக்கு, இது வரும், இது வராது, இதுக்கு இன்ன வழி இருக்குன்னு. அப்புறமும் சரின்னு சொல்ற பொண்ணு கூட வாழுறது எவ்ளோ லேசா இருக்கும்னு அனுபவத்துல சொல்றேன். இன்னொரு பக்கம், உனக்கெதுக்கு குழந்தை, கருத்தடை பண்ணிக்கோன்னு யாராவது சொன்னா, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 10-வது பிரிவு, உன் முழு சம்மதம் இல்லாம குழந்தை பொறக்காம பண்ற எந்த சிகிச்சையும் உனக்கு பண்ண முடியாது, குடும்பக் கட்டுப்பாடு, இனப்பெருக்கம் பத்தின தகவல் உனக்கு கிடைக்க வழி பண்றது அரசோட கடமை.

முதல் தடவை யூராலஜி ஓபிக்கு போகும்போது பொறந்தப்ப பண்ண முதுகு ஆபரேஷன் பேப்பர், ஷண்ட் பேப்பர், சின்ன வயசுல விதை இறக்க ஆபரேஷன் பண்ணியிருந்தா அது, பிளாடர் ஆபரேஷன் எதாவது பண்ணியிருந்தா அது, கடைசி கிரியேட்டினின், இப்ப எடுக்கிற மாத்திரை எல்லாம் ஒரே ஃபைல்ல போட்டுக்கோ. ஃபைல் மேல லேடெக்ஸ் அலர்ஜின்னு சிவப்பு பேனால பெருசா எழுதிடு, கையுறை மாத்திட்டு உன்னைத் தொடுவாங்க.